படுக்கையில் விழுந்த தொழிலாளிக்குப் பொறுப்பு யார்?

முப்பத்திரண்டு ஆண்டுகள் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். சங்கச் சந்தாவை ஒரு மாதமும் தவறவிடாதவர். வேலைநிறுத்தம் என்றால் விடியுமுன் கேட்டில் வந்து நிற்பவர். அந்தத் தோழர், வயது எழுபத்து மூன்று, ஒரு நாள் காலை குழாயடியில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்தியம் நடந்தது. காப்பீட்டு அட்டை இருந்தது. செலவில் பெரும்பகுதி அதில் கழிந்தது. பன்னிரண்டாம் நாள் டாக்டர் சொன்னார்: "ஆபத்து நீங்கிவிட்டது. இனி இங்கே வைத்துச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்! சொல்வதற்கு இரண்டே சொற்கள். செய்வதற்கு? இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் விழும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். மலசலம் எடுக்க வேண்டும். கை காலை நீவி, மடக்கி, நீட்டிப் பழக்க வேண்டும். இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். வீடோ ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும். மகன் லேத்துப் பட்டறையில் வேலை. மருமகள் பனியன் கம்பெனியில் வேலை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இருவரில் ஒருவர் வேலையை விட்டால் பாதி அடுப்பு அணையும். இருவரும் வேலைக்குப் போனாலோ, பெரியவர் பகலெல்லாம் நனைந்த பாயில் கிடக்க வேண்டும்.

மகன் நம்மிடம் வந்து கேட்டவை இரண்டு கேள்விகள். "எந்த இல்லத்தில் சேர்ப்பது, தோழர்? எதைக் கொண்டு பணம் கட்டுவது?"

இவை ஒரு வீட்டின் கேள்விகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படியே இந்த நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அப்போதே பத்துப் பேரில் ஒருவர் முதியவர். இவர்களுள் பெரும்பாலோர் யார்? வயலிலும், ஆலையிலும், கட்டடத்திலும், சுமைக் கூலியிலும் உடம்பைத் தேய்த்தவர்கள். தேய்ந்த உடம்பு ஒரு நாள் விழத்தான் செய்யும். விழுந்தபின் தாங்குவது யார்? இதுதான் இன்று நாம் ஆராய வேண்டிய பிரச்னை.

பெயரிலேயே குழப்பம்

நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்று பலகை மாட்டியிருந்தால் அது சிறிய தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பார்கள், ஆபரேஷன் செய்வார்கள், ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். மேல்நாடுகளில் அதே பெயர், நடமாட இயலாத முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடத்தைக் குறிக்கும். நம்மிடம் அதற்குத் தனிப் பெயரே இல்லை. "முதியோர் இல்லம்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைக்கிறோம். ஆனால் அந்த இல்லங்களில் பல, "தம் வேலையைத் தாமே செய்துகொள்பவர்களை மட்டுமே சேர்ப்போம்" என்று விதி வைத்திருக்கின்றன. நடப்பவருக்குக் கதவு திறக்கும். விழுந்தவருக்குக் கதவு அடைபடும். எவருக்கு மிக அவசியமோ அவருக்கே இடமில்லை! படுத்த நோயாளியை ஏற்கும் இடங்கள் குறைவு. இருப்பவை பெரிதும் பட்டணத்தில். அவற்றின் கட்டணமோ தொழிலாளி கேட்டுத் திகைக்கும் கட்டணம்.

கணக்கைப் பார்ப்போம்

எவ்வளவு கட்டணம் என்று நாம் ஊகிக்க வேண்டாம். மத்திய சர்க்காரின் வரி விதியே ஒரு துப்புக் கொடுக்கிறது. தரும ஸ்தாபனமாகப் பதிவு பெற்றவர்கள் நடத்தும் முதியோர் இல்லங்களில், ஒரு முதியவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை என்று 2018இல் விலக்கு அளித்தார்கள். அதாவது, தருமத்துக்கு நடத்தும் இல்லத்திலேயே மாதம் 25,000 ரூபாய் வரை ஆகக்கூடும் என்பது டில்லிக்குத் தெரிந்திருக்கிறது.

அதே டில்லி தொழிலாளிக்குத் தரும் பென்ஷன் எவ்வளவு? 1995 நவம்பரில் வந்த பிராவிடண்டு பண்டு பென்ஷன் திட்டத்தில், குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். 2025 முடியும் வரை அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, பஸ் சார்ஜ் ஏறியது. ஆயிரம் மட்டும் அசையவில்லை. 25,000 ரூபாய்க் கட்டணத்தை அந்த ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடக்க, இருபத்தைந்து மாதப் பென்ஷன்!

"குறைந்தபட்சத்தை ஏன் பேசுகிறீர்கள், நிறையப் பெறுவோரும் உண்டே" என்பார்கள். அதையும் பார்ப்போம். திட்டத்தின் சூத்திரம் இதுதான்: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 2014இல் வைத்த 15,000 ரூபாய் உச்ச வரம்பில், ஒருவர் 35 ஆண்டு முழுமையாக உழைத்திருந்தால் வருவது 7,500 ரூபாய். இருபது ஆண்டு முடித்தவர்க்குக் கூட்டித் தரும் இரண்டாண்டுச் சலுகையைச் சேர்த்தாலும் 8,000 ரூபாயைத் தொடாது. இதுதான் உச்சி! மலையின் உச்சியே முழங்கால் உயரம் என்றால் அடிவாரத்தைப் பற்றி என்ன சொல்வது?

பிராவிடண்டு பண்டும் இல்லாத விவசாயத் தொழிலாளி, கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் தாய்மார்கள் நிலை இன்னும் மோசம். முதியோர் பென்ஷன் இந்த மண்ணில் 1962 ஏப்ரலில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. இதில் மத்திய சர்க்காரின் பங்கு எவ்வளவு தெரியுமா? அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை 200 ரூபாய். எண்பது வந்தால் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2006-07இல் நிர்ணயித்தது. 2025 முடியும் வரை ஒரு காசு உயரவில்லை. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியும் அல்ல, பொரியின் வாசனை!

ஆஸ்பத்திரி வாசலோடு நின்ற காப்பீடு

"எழுபது வயதானவர்க்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு கொடுத்திருக்கிறோமே" என்று மார்தட்டுகிறார்கள். 2024 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கியது உண்மை. தமிழ்நாட்டில் 2009 முதலே ஏழைகளுக்கு உயிர்காக்கும் சிகிச்சைக் காப்பீடு நடந்து வருவதும் உண்மை. இவை வேண்டியவையே, நாம் குறை கூறவில்லை. ஆனால் இவை எதற்குப் பணம் தருகின்றன? ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பியபின் வரும் பன்னிரண்டு மாதங்களுக்கு? ஒன்றுமில்லை. காசு கட்டி வாங்கும் தனியார் பாலிசிகளும் பொதுவாக இல்லத்தில் தங்கும் மாதக் கட்டணத்தைத் தருவதில்லை. இதயத்தில் குழாய் வைக்கப் பணம் உண்டு. வாயில் கஞ்சி புகட்டப் பணம் இல்லை. வைத்தியத்தைக் காப்பீட்டில் சேர்த்தவர்கள் பராமரிப்பை வீட்டின் தலையில் போட்டுவிட்டார்கள். பிரச்னையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. பிள்ளைகள் கைவிட்டால் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் விதிக்கலாம். பெற்றோரைக் கைவிட்டு ஓடுபவர்க்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லது. வசதியிருந்தும் கைவிடுகிறவனைத் தண்டிக்கட்டும். ஆனால் வசதியே இல்லாத மகனை என்ன செய்வது? பட்டறைக் கூலிக்காரனைச் சிறையில் வைத்தால் தகப்பனுக்குக் கஞ்சி வருமா?

இதே சட்டத்தின் 19ஆவது பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு இல்லமாவது, திக்கற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கும்படி, மாநில சர்க்கார் "அமைக்கலாம்" என்கிறது. "அமைக்க வேண்டும்" என்று எழுதவில்லை. "அமைக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள்! மகனுக்கு வரும்போது "கொடுத்தே தீர வேண்டும்". சர்க்காருக்கு வரும்போது "கொடுத்தாலும் கொடுக்கலாம்"! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிட விளக்க வேண்டுமா?

தனியார் இல்லங்களுக்கு நாடு முழுதும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும், 10,000 ரூபாய் உச்ச வரம்பை நீக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா வந்தது. கமிட்டிக்குப் போயிற்று, அறிக்கையும் வந்தது. 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. முதலாளிகளுக்கு வேண்டிய மசோதாக்கள் ஒரே நாளில் நிறைவேறுவதைக் கண்ட நமக்கு இந்தத் தாமதத்தின் பொருள் விளங்காதா?

"நம் பண்பாடு" என்னும் போர்வை

இல்லம் என்று பேச்செடுத்தாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இது மேல்நாட்டுப் பழக்கம். நம் பண்பாட்டில் பெற்றோரைத் தெய்வமாகப் போற்றுவோம். கூட்டுக் குடும்பம் நம் பெருமை" என்று உபதேசம் செய்கிறார்கள். உபதேசிகளிடம் நாம் ஒன்று கேட்கிறோம். அந்தக் கூட்டுக் குடும்பத்தில் பெரியவரைக் குளிப்பாட்டியது யார்? இரவெல்லாம் விழித்தது யார்? போற்றியது நீங்கள், கழுவியது மருமகள்!

நம் தோழர் வீட்டில் நடந்தது என்ன? மகன் மூன்று இல்லங்களைப் பார்த்தார். ஒன்றில் படுத்த நோயாளிக்கு இடமில்லை என்றார்கள். ஒன்றில் கட்டணம் அவர் கூலியை விழுங்கிவிடும். மற்றொன்றில் இருபது பேருக்கு இரவில் ஒரே ஆயா. திரும்பி வந்தார். மருமகள் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். அந்த வீட்டுக்கு ஆன செலவு இதுதான்: ஒரு பெண்ணின் கூலி, அவளுடைய பிராவிடண்டு பண்டு, நாளை அவளுக்கு வரவேண்டிய பென்ஷன். எந்த ரசீதிலும் ஏறாத, எந்த பட்ஜெட்டிலும் காணாத செலவு. சர்க்கார் கொடுக்க வேண்டியதை அவள் கொடுக்கிறாள். அதற்குப் "பண்பாடு" என்று பெயர் சூட்டிக் கைகழுவுகிறார்கள்.

தகப்பனை இல்லத்தில் சேர்ப்பவன் எல்லாம் பாவி அல்லன்; வீட்டில் வைத்திருப்பவன் எல்லாம் புண்ணியவானும் அல்லன். புண் விழாமல், பசி இல்லாமல், அவமானம் இல்லாமல் பெரியவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

பிற நாடுகள் செய்தது

அமெரிக்காவில் 1965இல் முதியோர்க்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என இரண்டு திட்டங்கள் வந்தன. மெடிக்கேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்க்குப் பராமரிப்பு இல்லத்தில் மிஞ்சிப்போனால் 100 நாள் உதவும். அதிலும் முழுச் செலவைத் தருவது முதல் 20 நாளுக்கே. அதன்பின்? சொந்தப் பணத்தைக் கரைக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலர் அளவுக்குத் தேய்ந்தபின்தான் மெடிக்கெய்டு கைகொடுக்கும். இறந்தபின் அவர் விட்டுச் சென்ற வீட்டின் மீதும் செலவைத் திரும்பக் கேட்டு வருவார்கள். "முதலில் ஓட்டாண்டி ஆகு, பிறகு உதவுகிறேன்" என்பதே அந்தப் பணக்கார நாட்டின் நீதி! நாம் பின்பற்ற வேண்டிய பாதை இது அல்ல.

ஜெர்மனியில் 1995 ஜனவரி முதல் பராமரிப்புக் காப்பீடு சட்டமாயிற்று. சம்பளத்தில் 1 சதவிகிதமாகத் தொடங்கிய சந்தா 2025இல் 3.6 சதவிகிதம். முதலாளியும் தொழிலாளியும் பகிர்ந்து கட்டுகிறார்கள். முதலாளிகள் சும்மா ஒப்புக்கொண்டார்களா? இல்லை! தங்கள் பங்குக்கு ஈடாக ஒரு பொது விடுமுறை நாளைத் தொழிலாளரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். சாக்ஸனி என்ற ஒரு மாநிலம் மட்டும் விடுமுறையை விட மறுத்தது; அங்கே தொழிலாளி கூடுதல் பங்கு கட்டுகிறார். முதலாளி எங்கும் முதலாளிதான். ஆயினும் திட்டம் வந்தது. படுத்தவர்க்கு அவர் தேவையின் தரத்துக்கேற்ப உதவி கிடைக்கிறது. வீட்டில் உறவினர் பார்த்துக்கொண்டால் ரொக்கம் தருகிறார்கள். பார்த்துக்கொள்பவரின் பென்ஷன் கணக்கிலும் பணம் கட்டுகிறார்கள். நம் தோழரின் மருமகளை நினைத்துப் பாருங்கள்! அங்கேயும் இல்லத்தில் சேர்ந்தால் குடும்பம் கணிசமான பங்கு கட்ட வேண்டும் என்ற குறை உண்டு. அதையும் மறைக்க வேண்டாம்.

ஜப்பானில் 2000 ஏப்ரலில் இதே வகைக் காப்பீடு தொடங்கியது. நாற்பது வயது முதல் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி சந்தா, பாதி வரிப்பணம். தேவையை அளந்து தரம் குறிக்கிறார்கள். பெறுபவர் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கும், வசதி உள்ளவர் அதற்கு மேலும் கட்டுகிறார்கள்.

கடல் கடந்து போக வேண்டாம். மலை கடந்தால் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு இயக்கமாகத் தொடங்கியது, ஊர் மக்களின் தொண்டாகப் பரவி, 2008இல் மாநிலக் கொள்கையாயிற்று. பஞ்சாயத்தின் பொறுப்பில் நர்சு வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மாத்திரையையும், இயன்முறை வைத்தியத்தையும், வலி தணிப்புச் சேவையையும் வாசலுக்குக் கொண்டுவர வழி செய்தது. நர்சு வந்து போகிறார். மீதமுள்ள இருபத்துமூன்று மணி நேரத்துக்கு ஆள் வேண்டும். அதற்குத்தான் நாம் போராட வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

போராட்டம் வெல்லும் வரை பெரியவரின் முதுகுப் புண் காத்திருக்காது. ஆகவே, இல்லம் தேடும் தோழர்களுக்கு நாம் சொல்வன சில.

முதலில், பெரியவரைக் கேளுங்கள். பேச்சு வராவிட்டாலும் தலையசைப்பார். அவரைக் கலக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இல்லத்துக்குப் பதிவு உண்டா என்று ஜில்லா சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பளபளக்கும் வரவேற்பறையை நம்பாதீர்கள். சொல்லாமல் போங்கள், இரவு எட்டு மணிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எண்ணுங்கள். பயிற்சி பெற்ற நர்சு யார், மாத்திரை கொடுப்பது யார், அதை எழுதிவைக்கும் நோட்டு எங்கே என்று கேளுங்கள். படுத்திருப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? கூப்பிட்டால் ஆள் வருகிறதா? மூக்கைப் பயன்படுத்துங்கள், நாற்றம் பொய் சொல்லாது. "உறவினர் மாதம் ஒரு முறைதான் வரலாம்" என்று எந்த இடம் சொல்கிறதோ அந்த வாசலை விட்டுத் திரும்பிவிடுங்கள்.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். மாதம் இவ்வளவு என்பதில் எது அடங்கும், எது அடங்காது? டயப்பர், மருந்து, டாக்டர் வருகை, இயன்முறை வைத்தியம், ஆம்புலன்ஸ் இவை தனியா? முன்பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில்? ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றுவார்கள்? நடுவில் அழைத்துச் சென்றால், அல்லது அவர் இறந்துபோனால், மிச்சப் பணம் என்ன ஆகும்? நடுராத்திரி மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கொண்டு போவார்கள்? இப்போது நடக்கிறவர் நாளை படுத்துவிட்டால் வைத்திருப்பார்களா, அனுப்பிவிடுவார்களா? கேட்கக் கூசாதீர்கள். மில்லில் ஒப்பந்தம் போடும்போது ஒவ்வொரு ஷரத்தையும் படித்துத்தானே கையெழுத்திடுகிறோம்?

வெற்றுத்தாளில் கையெழுத்து, வங்கி அட்டை, வீட்டுப் பத்திரம் இவற்றை எவரிடமும் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் பெரியவர்களே, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், பராமரிக்காதபோது 2007 சட்டத்தின் 23ஆவது பிரிவு அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய வழி தருகிறது.

ஐந்து ஆண்டாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், தமக்கும் துணைவிக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். மாதம் பத்து ரூபாய்க் கணக்கில் அற்பத் தொகைதான் விதி வைத்திருந்தது. இதை அறியாத தோழர்கள் ஏராளம். கிளை அலுவலகத்தில் கேளுங்கள். கொடுமை நடந்தால், தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால், 14567 என்ற முதியோர் உதவித் தொலைபேசி இருக்கிறது.

சேர்த்தபின் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நேரம் மாற்றி மாற்றிப் போங்கள். முதுகையும் குதிகாலையும் பாருங்கள். போர்வையை நீக்கிப் பார்க்கும் மகன் வருவான் என்று தெரிந்தால் கவனிப்புத் தானாகக் கூடும்.

ஆயாவும் தொழிலாளிதான்

இன்னொன்று. கட்டணம் மலிவாக இருக்கிறதே என்று மகிழும் தோழர்கள் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? இரவும் பகலும் விழித்து, தூக்கி, புரட்டி, கழுவும் ஆயாவின் கூலியிலிருந்து வந்திருக்கலாம். அவருக்கு எட்டு மணி வேலை இல்லை. வார ஓய்வு இல்லை. ஏஜென்சிக்காரன் கமிஷன் போக மிஞ்சியது கொஞ்சம். இடுப்பு ஒடிந்தால் அவருக்கு வைத்தியம் யார் செய்வது? பன்னிரண்டு மணி நேரம் நின்றவரின் கை, பதின்மூன்றாம் மணியில் நம் தகப்பனாரைத் தாங்கலாய்ப் பிடிக்குமா? பராமரிப்போரின் சங்கமும் பராமரிக்கப்படுவோரின் நலமும் ஒரே நூலில் கோத்தவை.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருகிறோம்:

ஒன்று: பிராவிடண்டு பண்டு பென்ஷனைப் பென்ஷனர் சங்கங்கள் கேட்கும் 7,500 ரூபாய்க்கு உயர்த்தி, பஞ்சப்படியும் சேர்க்க வேண்டும். முதியோர் பென்ஷனில் டில்லியின் பங்கு விலைவாசியோடு ஏற வேண்டும்.

இரண்டு: 19ஆவது பிரிவில் "அமைக்கலாம்" என்பதை "அமைக்க வேண்டும்" என்று மாற்றி, ஜில்லாதோறும் படுத்த நோயாளிகளை ஏற்கும் பொது இல்லம், நர்சுகளோடு, நிறுவ வேண்டும்.

மூன்று: முதலாளி, சர்க்கார், தொழிலாளி மூவரும் பங்கேற்கும் பராமரிப்புக் காப்பீடு வேண்டும். 1948இல் நோய்க்கும் விபத்துக்கும் ஈ.எஸ்.ஐ. சட்டம் கண்ட நாடு முதுமைக்கு ஏன் காணக் கூடாது?

நான்கு: வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகையும் பென்ஷன் கணக்கும் வேண்டும்.

ஐந்து: எல்லா இல்லங்களுக்கும் கட்டாயப் பதிவும், முன்னறிவிப்பில்லாச் சோதனையும், பராமரிப்புத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியும் எட்டு மணி நேர வேலையும் வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். அப்போது எங்கே போவது என்று எவரும் கேட்கவில்லையே! உழைப்பின்மை, முதுமை, நோய் இவற்றில் ராஜ்யம் உதவ வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41ஆவது ஷரத்து சொல்கிறது. "பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்றும் சேர்த்துச் சொல்கிறது. சக்தி இருக்கிறது; அது யாருக்குச் செலவாகிறது என்பதே தகராறு.

கோரிக்கை எழுதுவதோடு நிற்க வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் படுத்திருக்கும் மூத்த தோழர்களின் பட்டியல் எடுங்கள். சங்க அலுவலகத்தில் ஒரு சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், தண்ணீர்ப் படுக்கை வாங்கி வைத்து, வேண்டிய வீட்டுக்கு இரவல் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் முறை வைத்து அந்த வீட்டில் உட்காருங்கள். மருமகள் அந்த இரண்டு மணி நேரமாவது தூங்கட்டும். அவர் பக்கத்தில் அமர்ந்து இந்தப் பத்திரிகையைப் படித்துக் காட்டுங்கள். சர்க்கார் செய்ய வேண்டியதற்கு இது மாற்றாகாது. ஆனால் சர்க்காரிடம் கேட்கும் குரலுக்கு இது வலிமை தரும்.

மில் கேட்டில் நமக்கு முன்னே நின்று தடியடி வாங்கியவர்கள் அவர்கள். எட்டு மணி வேலையும், போனசும், பிராவிடண்டு பண்டும் அவர்கள் உடம்பைக் கொடுத்துப் பெற்றவை. அந்த உடம்பு இன்று விழுந்து கிடக்கிறது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு மருமகளின் இரண்டு கைகள் போதா, தோழர்களே! நாட்டின் கைகள் வேண்டும். அவற்றைப் பிடித்து இழுத்து வருவது நம் வேலை.